ரிசப்ஷனிஸ்ட் இல்லாத கம்பெனி

மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று பெரிய வங்கி. இன்னொன்று 11 பேர் வேலை பார்க்கும் ஸ்டார்ட்அப். இரண்டு ஆஃபர் லெட்டரையும் பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலை மேலே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அப்பா படித்துப் பார்த்து ஆலோசனை சொல்ல வேண்டுமாம்.

எங்கள் வீடு சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில். பெயரில் ஹில் இருக்கிறதே தவிர, மூச்சு வாங்க ஏறும்படியான மலை எதுவும் இத்தனை வருஷத்தில் என் கண்ணில் படவில்லை. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'குவேக்கர்ஸ்' என்பார்கள். இந்த ஊரில் இதே மேஜையில், அப்போது அதற்கு நாலு காலும் சமமாக இருந்தது, 2000ஆம் வருஷம் நானும் இரண்டு கடிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆலோசனை சொல்ல அப்பா திருச்சி கைலாசபுரத்தில் இருந்தார். நடுவில் பத்து டாலர் போன் கார்டு ஒன்று இருந்தது, சுரண்டினால் நம்பர் வரும்.

அந்தக் காலம் சிட்னியில் கம்ப்யூட்டர்காரனுக்குப் பொற்காலம். ஒய்.டு.கே. பூதத்துக்குப் பயந்து எல்லாரும் ஆள் எடுத்தார்கள். ஜனவரி 1 விடிந்து பூதம் வரவில்லை என்று தெரிந்ததும், ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. நாட்டில் இருக்கிற எல்லா பில்லிங் மென்பொருளிலும் பத்து சதவீதத்தைப் புகுத்த மறுபடி ஆள் எடுத்தார்கள். செப்டம்பரில் ஒலிம்பிக்ஸ் வேறு. செவ்வாய்க்கிழமை 'தி ஆஸ்திரேலியன்' பத்திரிகையோடு வரும் கம்ப்யூட்டர் பகுதியை ரயிலில் பிரித்தால் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தில் இடிக்கும். அத்தனை வேலை விளம்பரம்.

எனக்கு வந்த இரண்டில் ஒன்று சிட்டியில் ஒரு பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம். மார்பிள் தரை, உயரமான பூச்சாடி, அதற்குப் பின்னால் ரிசப்ஷனிஸ்ட். நான் பெயர் சொன்னதும் எழுந்து நின்று, "காப்பியா, டீயா?" என்றார். என்னைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை. இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு மாடியில் நடந்தது சம்பிரதாயம்.

மற்றது சர்ரி ஹில்ஸில். ஒரு காலத்தில் துணி தைக்கும் பட்டறைகள் நிறைந்திருந்த பகுதி அது. படியேறிப் போனால் கதவு திறந்து கிடந்தது. ரிசப்ஷனிஸ்ட் இல்லை. நாய் இருந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் வந்து, "நாயைக் கண்டுக்காதே, அதுவும் ஸ்டாஃப்தான்" என்றார். அவர்தான் முதலாளி. நான் கோட்டு, டை. டை கடன் வாங்கியது. சம்பளம் குறைவு, ஆனால் கம்பெனியில் அரை சதவீதப் பங்கு தருவதாகச் சொன்னார். நூறு ரூபாய் சம்பளத்தில் அரை சதவீதம் ஐம்பது காசு என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். பி.இ. படித்தவன்தான்.

அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் பெல்லில், அதாவது பி.எச்.இ.எல்.லில், முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர்.

"அந்தச் சின்ன கம்பெனியில எத்தனை பேருடா?"

"ஆறு பேருப்பா."

கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க கேன்டீன்ல இட்லி ஊத்துறதுக்கே அதைவிட ஜாஸ்தி பேரு" என்றார்.

அப்பாவின் சிரிப்பு பாதி, வங்கியின் சிரிப்பு பாதி. அந்த ஜூலையில்தான் முதல் வீடு வாங்குபவர்களுக்கு அரசு 7,000 டாலர் தரத் தொடங்கியிருந்தது. லோன் விஷயமாகப் போனபோது, "எங்கே வேலை?" என்று கேட்டார் ஆபீசர். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். மனிதர் முகத்தில் விளக்கு எரிந்தது. சர்ரி ஹில்ஸ் நாயின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த விளக்கு எரிந்திருக்காது. 2,38,000 டாலர், மூன்று படுக்கையறை, எட்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் வட்டி. கையெழுத்துப் போட்டேன். இப்படித்தான் நான் பெரிய கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன். தொழில்நுட்பம், எதிர்காலம், ஆர்வம் என்று பிற்பாடு பலருக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பிற்பாடு யோசித்தவை.

என் தீர்க்கதரிசனம் உடனே நிரூபணம் ஆனது. சர்ரி ஹில்ஸ்காரர்கள் அடுத்த வருஷமே கடையைக் கட்டினார்கள். 2001இல் யார்தான் கட்டவில்லை? மே மாசம் ஒன்.டெல் விழுந்தது. பேக்கர், மர்டாக் என்று நாட்டின் இரண்டு பெரிய பணக்காரக் குடும்பங்களின் காசு உள்ளே இருந்த டெலிபோன் கம்பெனி, ஆறே வயசு. "பார்த்தாயா, புதுக் கம்பெனி" என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் அதற்கு முன்பே மார்ச்சில் எச்.ஐ.எச். இன்ஷூரன்ஸ் மூழ்கியிருந்தது. பழைய கம்பெனி, பெரிய கம்பெனி, ரிசப்ஷனிஸ்ட் உள்ள கம்பெனி. 530 கோடி டாலர் பள்ளம். செப்டம்பரில் ஆன்செட். 1936 முதல் பறந்த விமான நிறுவனம் ஒரே வாரத்தில் தரையிறங்கியது. 16,000 பேர். அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்காக, நாட்டில் விமானம் ஏறிய எல்லாரிடமும் டிக்கெட்டுக்குப் பத்து டாலர் அரசு வசூலித்தது. நானும் ஒரு மெல்போர்ன் பயணத்துக்கு அந்தப் பத்து டாலரைக் கொடுத்திருக்கிறேன். அப்போதும் நான் இதையெல்லாம் என் கம்பெனியோடு சேர்த்து யோசிக்கவில்லை. நம் வீட்டில் நடக்கும்வரை எல்லாமே பேப்பர் செய்திதானே.

என் கம்பெனி மூழ்கவில்லை. அதைவிட நாகரிகமாக, இன்னொரு கம்பெனியோடு இணைந்தது. 2003இல் எங்கள் பிரிவின் வேலை வெளிநாட்டுக்குப் போவதாக அறிவித்தார்கள். எந்த வெளிநாடு? சென்னை.

கடைசி மூன்று மாதம் நான் 'கே.டி.' கொடுத்தேன். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபரைச் சுருக்கி அப்படித்தான் சொல்வார்கள். தமிழில் அந்த எழுத்துகளுக்கு வேறு பொருளும் உண்டு, அது இன்னும் பொருத்தம். தினமும் மத்தியானம் சென்னைக்கு கான்ஃபரன்ஸ் கால். எதிர்முனையில் நாலு பையன்கள். ஒருவன் நான் படித்த காலேஜ். "சார், ஹெச்.ஓ.டி. அதே ஆளுதான் சார்" என்றான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவு நல்ல பையன். அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சென்னைக்கு வேலை வருதுன்னா நல்லதுதானேடா?" என்றார். நல்லதுதான்.

இங்கே வேலை போவதை 'ரிடண்டன்ட்' ஆக்குவது என்பார்கள். உபரி என்று அர்த்தம். சோறு மீந்தால் தண்ணீர் ஊற்றி வைக்கலாம், ஆள் மீந்தால் அதற்கும் வழியில்லை. ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். வங்கி ஆபீசரின் விளக்கு எரிந்ததோ அணைந்ததோ, மாதாமாதம் தவணை மட்டும் சரியாக எரிந்தது.

அப்புறம்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சின்ன கம்பெனிக்குப் போனேன். விரும்பிப் போனேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாயிருக்கும். வேறு யாரும் கூப்பிடவில்லை. பரமட்டாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி, ஒன்பது பேர். பல் டாக்டர்களின் அப்பாயின்ட்மெண்ட் புக்கை கம்ப்யூட்டரில் ஏற்றும் மென்பொருள். சர்வர் என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. குளிர்காலத்தில் செருப்பைக் கழற்றி அதன் பக்கவாட்டில் பாதத்தை வைத்துக்கொள்வேன், ஹீட்டர் மாதிரி இதமாக இருக்கும். வெள்ளிக்கிழமை பீட்சா. அதில் எனக்காக ஒரு வெஜிடேரியன் பெட்டி, மேலே பேனாவால் என் பெயர்.

ஒருநாள் பென்ரித்தில் ஒரு பல் மருத்துவமனையில் போய் நானே மென்பொருளை ஏற்றினேன். முன் மேஜையில் அறுபது வயசு அம்மா ஒருவர். அதுவரை பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரின் நேரத்தை மவுஸால் இழுத்து இடம் மாற்றிக் காட்டினேன். திரையையே பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ரப்பரை உள்ளே போட்டு மூடினார். அவ்வளவுதான் நடந்தது. பெரிய கம்பெனியில் மூன்று வருஷம் இன்ஷூரன்ஸ் மென்பொருள் எழுதினேன். ஒரு பாலிசிதாரர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் ரயிலில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். வேலை என்பதற்காகச் சிரித்தது அந்த ஒருநாள்தான் என்று மனைவி சொல்கிறாள். அவள் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும்.

2006இல் அந்தக் கம்பெனி மூடியது. முதலாளி நல்லவர், கடைசி வெள்ளிக்கிழமைகூட பீட்சா வாங்கினார். என் பெயர் எழுதிய பெட்டியும் வந்தது. வராமல் போனது சூப்பர். ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்துக்கு மேல் ஒன்பது சதவீதம் முதலாளி கட்ட வேண்டும் என்பது அப்போதைய சட்டம். இரண்டு காலாண்டுகளாகக் கட்டவில்லை. சம்பள ஸ்லிப்பில் மட்டும் கட்டியதாக இருந்தது. அரசின் உதவித் திட்டம் சம்பள பாக்கியையும் லீவு பணத்தையும் கொடுத்தது, சூப்பர் அதில் சேராது. இன்றைக்கும் சேராது.

நான் இப்போது ஒரு அரசுத் துறையில் இருக்கிறேன். 2007இல் அந்தச் செய்தியைச் சொன்னபோது, "இருபது வருஷம் லேட்டா புத்தி வந்திருக்கு" என்றார் அப்பா.

சரி, மகளின் கடிதங்களுக்கு வருவோம்.

முதலில் வங்கியின் கடிதம். படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம். 'ஸ்குவாட்' என்கிறார்கள், 'டிரைப்' என்கிறார்கள். பெரிய வங்கிகளில் ஒன்றான ஏ.என்.இசட். 2017இலேயே இப்படி மாறப்போவதாக அறிவித்ததை மகள் நினைவூட்டினாள். பதவிகளையெல்லாம் கலைத்துவிட்டுப் படைப்பிரிவும் பழங்குடியும். ஆபீஸ் படத்தில் பீன் பேக், டேபிள் டென்னிஸ். கோட்டு சூட்டு போட்ட ஒருவரும் இல்லை. நாய் கொண்டுவரும் நாள் என்று தனியாக ஒரு நாள். ரிசப்ஷனிஸ்ட் கிடையாதாம், ஐபேடில் பெயரைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும்.

ஸ்டார்ட்அப் கடிதமோ 14 பக்கம். நன்னடத்தை விதி, தகவல் பாதுகாப்பு விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு. வாசலில் ஒரு பெண் எழுந்து நின்று, "காப்பியா, டீயா?" என்று கேட்டாராம். எது பெரிசு, எது சின்னது என்று தெரியாமல் கடிதத்தை இரண்டு தடவை மாற்றி வைத்துவிட்டேன்.

"அவங்ககிட்ட பதினெட்டு மாச ரன்வே இருக்குப்பா" என்றாள். கையிருப்புப் பணம் அத்தனை மாசம் தாங்கும் என்று அர்த்தமாம்.

"ஆன்செட்கிட்டயும் ரன்வே இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் பிறந்தது 2002இல். அவளுக்குப் புரியவில்லை. அதே வருஷம் பிறந்த இன்னொன்று அட்லாசியன் என்ற மென்பொருள் கம்பெனி. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு பையன்கள், பத்தாயிரம் டாலர் கிரெடிட் கார்டு கடன். 2015 டிசம்பரில் நாஸ்டாக்கில் ஏறினார்கள். இப்போது சென்ட்ரல் ஸ்டேஷன் ஓரத்தில் சுமார் நாற்பது மாடியில் அவர்களுக்குக் கட்டடம் எழும்புகிறது, ரயில் ஜன்னலில் இருந்து தினம் பார்க்கிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று தன் ஆட்களுக்குச் சொல்லிவிட்ட கம்பெனி அது. அதற்கு நாற்பது மாடி. 2023இல் 500 பேரையும், 2025 ஜூலையில் 150 பேரையும் அனுப்பியது. இரண்டாவது தடவை சேதி முன்பே பதிவு செய்த வீடியோவில் வந்தது. நான் நாய்க்குப் பயந்து திரும்பி வந்த சர்ரி ஹில்ஸில் இன்று கேன்வாவின் தலைமையகம். அதை ஆரம்பித்த மெலனி பெர்கின்ஸை நூறு முதலீட்டாளர்களுக்கு மேல் வேண்டாம் என்றார்களாம். அந்த நூறு பேரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஊரில் மட்டும் என்ன? எனக்குப் பெண் பார்த்த காலத்தில் மாப்பிள்ளை டி.சி.எஸ்.ஸா, சி.டி.எஸ்.ஸா என்பதே கேள்வி. ஜோஹோவில் இருந்து வெளியேறி 2010இல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் அப்போது பிறக்கவே இல்லை. 2021 செப்டம்பரில் ஃபிரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் ஏறிய அன்று ஊழியர்களில் 500 பேர் கோடீஸ்வரர்கள், முப்பது வயசுக்குக் கீழேயே எழுபது பேர். மூன்று வருஷம் கழித்து அதே கம்பெனி சுமார் 660 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அசையாத கோயில் என்று நாம் நினைத்த டி.சி.எஸ். 2025 ஜூலையில் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. அந்தச் செப்டம்பரிலேயே இங்கே ஏ.என்.இசட். 3,500 பேர் என்றது.

மில்க்ரன் ஞாபகம் இருக்கிறதா? பத்து நிமிஷத்தில் பால் வீட்டுக்கு வரும் என்று 2021இல் சிட்னியில் தொடங்கினார்கள். 2023 ஏப்ரலில் முடிந்தது, 400 பேருக்கு மேல் வேலை போயிற்று. பெயரை உல்வர்த்ஸ் வாங்கிக்கொண்டது. உல்வர்த்ஸ் தலைமையகம் எங்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி பெல்லா விஸ்டாவில். பக்கத்திலேயே ரெஸ்மெட். என் குறட்டைக்காக மனைவி வாங்கிக் கட்டிவிட்ட மெஷின் அவர்களுடையது. 1989இல் அதுவும் ஒரு ஸ்டார்ட்அப். அந்த அளவில் ஸ்டார்ட்அப்களை நான் இரவு முழுக்க மூச்சாக நம்புகிறேன்.

மகளிடம் பங்கு பற்றிக் கேட்டேன். நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருமாம், முதல் வருஷம் முடியாமல் ஒன்றும் கிடைக்காதாம். அதற்கு 'கிளிஃப்' என்று பெயர். மலை விளிம்பு. தள்ளிவிட வசதியான இடம். 2000இல் அரை சதவீதத்தை ஐம்பது காசாக்கியவன் இம்முறை வீட்டுப்பாடம் செய்தேன். ஃபேர் வொர்க் விதிகளைத் திறந்து இருவரும் உட்கார்ந்தோம். 15 பேருக்குக் குறைவான கம்பெனி ஆளை ரிடண்டன்ட் ஆக்கினால் அதற்கான பணம் எதுவும் தரத் தேவையில்லை. இவர்கள் 11 பேர். "சரி, பெரிய இடமே மேல்" என்று அடுத்த வரிக்குப் போனோம். பெரிய இடத்தில் ஒன்பது வருஷம் முடித்தவருக்குக் குறைந்தது 16 வாரச் சம்பளம். பத்து வருஷம் முடித்தவருக்கு 12 வாரம். தப்பாகப் படித்தோமோ என்று மறுபடி படித்தோம். பத்து வருஷத்தில் நீண்டகாலப் பணி விடுப்பு வந்துவிடுவதால் இப்படியாம். விசுவாசத்துக்கு நாலு வாரம் அபராதம்.

"அப்போ நீ எதை எடுக்கப்போறே?"

"ஸ்டார்ட்அப்தான்."

"பயமா இல்லையா?"

"எதுக்குப்பா பயம்? உங்களுக்கு வீட்டு லோன் இருந்துச்சு. எனக்குத்தான் வீடே வாங்க முடியாதே."

கோபம் இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டின் விலை இப்போது பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. பெரிய கம்பெனியில் நான் சேர்த்தது, சின்ன கம்பெனியில் சேர்த்தது, அரசாங்கத்தில் சேர்த்தது எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்தச் செங்கல் சும்மா நின்று சம்பாதித்ததை எட்டாது. இந்தக் குடும்பத்தில் வேலைக்கே போகாமல் அதிகம் சம்பாதித்தது இந்த வீடுதான். அதன் விலைதான் மகளுக்கு எட்டாமல் போன விலையும். ஊறுகாய் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

சாயங்காலம் வேலி ஓரமாகப் பக்கத்து வீட்டு அண்ணையிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கத்தரிக்காய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"கொம்பனி பெரிசோ சின்னனோ, அதை விடும் தம்பி. பிள்ளைக்கு சுப்பர் ஒழுங்காக் கட்டுறாங்களோ எண்டு பாக்கச் சொல்லும்."

இதை 2004இல் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு காலாண்டு மிஞ்சியிருக்கும். அப்போது நான் அவரிடம் கேட்கவில்லை.

மகள் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சூப்பர் இப்போது 12 சதவீதம். சம்பளம் போடும்போதே சூப்பரும் போட வேண்டும் என்ற சட்டம் 2026 ஜூலை 1 முதல். அதுவரை காலாண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும், அந்தச் சந்தில்தான் என் பணம் போனது. போன ஞாயிற்றுக்கிழமை இதே மேஜையில் அவள் போனில் கணக்கைத் திறக்கச் சொன்னேன். காலாண்டுப் பணம் வந்திருந்தது. சம்பள ஸ்லிப்பில் இருப்பதை நம்பாதீர்கள். நீங்களும் உங்கள் சூப்பர் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள், இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே.